வளர்ச்சிப் பாடம் எடுக்கக் கூப்பிடுறாங்களா? முதல் வகுப்புக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஒரு நாள் சாயங்காலம் உங்களுக்கு ஒரு ஃபோன் வருது. "சார், எங்க துறையில சர்வதேச வளர்ச்சின்னு ஒரு பேப்பர் இருக்கு. எடுக்க ஆள் இல்லை. நீங்க பத்து வருஷம் களப்பணியில இருந்தவர்னு கேள்விப்பட்டோம். வாரத்துக்கு நாலு மணி நேரம் வந்து எடுத்துத் தர முடியுமா? திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடலாம்."

மனசுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். நாம பார்த்த வேலையை நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுறாங்களே! "சரி"ன்னு சொல்ல வாய் வந்துடும். சொல்லுங்க, தப்பில்லை. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "எனக்கு எழுத்துல ஆணை தருவீங்களா?"

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றோம்? இந்தக் கட்டுரையை எழுதுபவர் இதழியல் படித்தவர். கல்லூரியில் வளர்ச்சித் தொடர்பியல் பாடத்தை எங்களுக்கு எடுத்தவர் ஒரு பகுதி நேர ஆசிரியர். சுனாமி மறுவாழ்வுப் பணியில் பல வருடம் இருந்தவர். அவர் வகுப்புன்னா யாரும் கட் அடிக்க மாட்டோம். மூன்று வருடம் எடுத்தார். பிறகு ஒரு நிரந்தரப் பணியிட அறிவிப்பு வந்தது. அனுபவச் சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்குப் போனார். "உங்க பேர்ல நியமன ஆணையே இல்லையே சார்" என்று பதில் வந்தது. அழைத்த துறைத் தலைவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். சம்பளம் மாதாமாதம் ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கித் தரப்பட்டது. மூன்று வருடம் பாடம் எடுத்ததற்கு அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் சாட்சி. ஆனா சாட்சியை விண்ணப்பத்துல இணைக்க முடியாதே!

அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. பகுதி நேர விரிவுரையாளர் பணிக்கு எந்தெந்த வழி இருக்கு, தகுதி என்ன, பணம் எவ்வளவு, அனுபவம் எப்படிக் கணக்காகும்னு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

சர்வதேச வளர்ச்சி: அப்படின்னா என்ன பாடம்?

ஒரு நாடு ஏன் ஏழையா இருக்கு, இன்னொரு நாடு எப்படி முன்னேறுச்சு, வறுமையை எப்படி அளக்கிறது, வெளிநாட்டு நிதி வந்தா மக்களுக்கு உண்மையிலேயே பலன் கிடைக்குதா? இந்தக் கேள்விகளைப் படிக்கிற பாடம்தான் வளர்ச்சியியல். 1990-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிடத் தொடங்கிய மனித வளர்ச்சிக் குறியீடு, 2015-இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள் எல்லாம் இதில் வரும்.

எங்கேயோ வெளிநாட்டு விஷயம்னு நினைக்காதீங்க. 1980-இல் உலக வங்கி உதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பெண்கள் சுய உதவிக் குழுக்களைத் தொடங்க உதவியது ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு உலகம் முழுவதும் இருந்து உதவி வந்தது. இந்தப் பணிகளில் இருந்தவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். புத்தகத்தில் "சமூகப் பங்கேற்பு" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால், ஒரு கிராமத்தில் இருபது பெண்களை முதல் கூட்டத்துக்கு வரவைக்க எத்தனை நாள் நடக்கணும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆராய்ச்சிக்கும் இங்கே குறைவில்லை. யுனெஸ்கோவில் உயர் பதவி வகித்த பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேசய்யா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இயங்குகிறது. சென்னை ஐஐடி, ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம், காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வளர்ச்சியியல் அல்லது ஊரக வளர்ச்சி படிக்கலாம். பல கல்லூரிகளில் இது தனிப் படிப்பா இருக்காது. பொருளியல், சமூகப்பணி, அரசியல் அறிவியல், இதழியல் படிப்புகளுக்குள் ஒரு பேப்பராக இருக்கும்.

ஒரே ஒரு பேப்பருக்காக முழுநேர ஆசிரியரை நியமிக்க முடியாது. அதனாலதான் பகுதி நேர ஆசிரியரைத் தேடுறாங்க.

உள்ளே போக நாலு வாசல்

"பகுதி நேர ஆசிரியர்"னு பொதுவா சொன்னாலும், நீங்க எந்த வாசல் வழியா உள்ளே போறீங்க என்பதைப் பொறுத்துச் சம்பளமும் உரிமையும் மாறும். அதனால முதல்ல இதைத் தெளிவாக் கேட்டுக்கணும்.

1. கௌரவ விரிவுரையாளர் (விருந்தினர் விரிவுரையாளர்)

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2019 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி விருந்தினர் விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.50,000 மதிப்பூதியம். கல்வித் தகுதி நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு உள்ளதேதான். ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் 70 வயது வரை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வூதியம், பணிக்கொடை, விடுப்பு போன்ற சலுகைகள் கிடையாது.

தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் நடைமுறை வேற. இங்கே வகுப்புக் கணக்கு இல்லை, மாதத் தொகுப்பூதியம். 2025-26 கல்வியாண்டு அறிவிப்பில் இது ரூ.25,000. மாணவர் சேர்க்கைக்குப் பயன்படும் அதே டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பிக்கணும். தனியார் கல்லூரிகள் தங்களுக்கென ஒரு தொகை வைத்திருப்பாங்க. அதனால "யுஜிசி இவ்வளவு சொல்லுது, எனக்கும் அதேதான் கிடைக்கும்"னு நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீங்க. கேட்டு, எழுத்தில் வாங்குங்க.

2. ஒப்பந்த ஆசிரியர்

கௌரவ விரிவுரையாளரும் ஒப்பந்த ஆசிரியரும் ஒண்ணு இல்லை. யுஜிசியின் 2018 விதிமுறைகள்படி, ரொம்ப அவசியமான சூழலில் மட்டும் ஒப்பந்த ஆசிரியரை எடுக்கலாம். மொத்த ஆசிரியர் இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நிரந்தர உதவிப் பேராசிரியர் வாங்குகிற மாத மொத்த ஊதியத்துக்குக் குறையாமல் தரணும். முதலில் ஒரு கல்வியாண்டுக்குத்தான் நியமனம்.

3. தொழில்முறைப் பேராசிரியர்

முனைவர் பட்டம் இல்லை, நெட் எழுதலை, ஆனா களத்தில் நிறைய அனுபவம் இருக்கு. உங்களுக்கான வாசல் இதுதான். ஆங்கிலத்தில் "புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்" என்று சொல்லப்படும் இந்த முறைக்கு யுஜிசி 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்தது. உங்கள் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் இருக்கணும், அது மூத்த நிலையில் இருந்தால் விரும்பத்தக்கது. சமூக அறிவியல், ஊடகம், குடிமைப் பணி, பொது நிர்வாகம் எல்லாம் பட்டியலில் உண்டு. முதலில் ஓராண்டு வரை நியமனம். பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் நீடிக்காது, விதிவிலக்காக இன்னும் ஓராண்டு தரலாம். ஏற்கெனவே ஆசிரியர் பணியில் இருப்பவர்களுக்கும், அதிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது கிடையாது.

இதுக்காக யுஜிசி 2023-இல் ஒரு தனி இணையதளம் தொடங்கியது. நிபுணர்கள் அதில் தங்கள் விவரத்தைப் பதிவு செய்யலாம், கல்வி நிறுவனங்கள் அதைப் பார்த்துத் தொடர்புகொள்ளலாம். ஒரு விஷயம் கவனிங்க: இதில் ஊதியம் இல்லாத கௌரவ நியமனமும் ஒரு வகை. "எனக்கு எந்த வகை?" என்று கேட்டுக்கொள்ளுங்க.

4. தொலைநிலைக் கல்வியில் பாட ஆலோசகர்

வார நாட்களில் வேலை, சனி ஞாயிறு மட்டும்தான் நேரம் இருக்கா? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வளர்ச்சியியல், ஊரக வளர்ச்சி இரண்டிலும் முதுநிலைப் படிப்பு உண்டு. அதன் கல்வி மையங்களில் பகுதி நேரப் பாட ஆலோசகர்கள் வகுப்பெடுக்கிறார்கள், ஒப்படைப்புகளைத் திருத்துகிறார்கள். அதன் மண்டல மையங்கள் சென்னையிலும் மதுரையிலும் இருக்கு. உங்கள் ஊரில் உள்ள கல்வி மையத்தின் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, தன்விவரக் குறிப்பும் சான்றிதழ் நகல்களும் கொடுத்து விசாரிக்கலாம்.

தகுதி: எந்தப் பாடத்தில் நெட் எழுதணும்?

முதல் இரண்டு வாசலுக்கும் அடிப்படைத் தகுதி ஒண்ணுதான். சம்பந்தப்பட்ட பாடத்தில் 55 சதவீத மதிப்பெண்ணுடன் முதுநிலைப் பட்டம், அதோடு நெட் அல்லது செட் தேர்ச்சி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் சேராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வு உண்டு. யுஜிசி விதிமுறையில் சொன்னபடி முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு நெட்டிலிருந்து விலக்கு உண்டு.

வளர்ச்சியியல் படித்தவர்கள் பலர் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. நெட் தேர்வுப் பட்டியலில் "வளர்ச்சியியல்" தனிப் பாடமா இருக்காது. தேடித் தேடி இல்லைன்னு விட்டுடுவாங்க. அது பொருளியல் பாடத்துக்குள்தான் அடங்கும். ஊரகப் பொருளியல், மக்கள்தொகையியல், வளர்ச்சித் திட்டமிடல் எல்லாமும் அதே பாடத்தில்தான். சமூகப்பணி படித்தவர்களுக்கும் அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கும் தனித்தனிப் பாடம் இருக்கு.

நெட் பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கும். மூன்று மணி நேரம், இரண்டு தாள், மொத்தம் 150 கேள்வி, 300 மதிப்பெண். தப்பாப் பதில் எழுதினாலும் மதிப்பெண் குறைக்க மாட்டாங்க. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினா வயது வரம்பு கிடையாது. நாற்பத்தைந்து வயசிலும் எழுதலாம், தயங்க வேண்டாம். செட் தேர்ச்சி அந்தந்த மாநிலத்துக்குள் மட்டும் செல்லும்.

இன்னொரு சிக்கலும் வரும். உங்கள் பட்டம் "வளர்ச்சியியல்", அறிவிப்பில் கேட்டிருப்பது "பொருளியல்". இரண்டும் ஒண்ணா? இதுக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கான்னு விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துடுங்க. சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் போய் வாதாடினா பலன் இருக்காது.

வெளிநாட்டில் படிச்சவங்களுக்கு

சர்வதேச வளர்ச்சியை இங்கிலாந்து போன்ற நாடுகளில் படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அந்தப் பட்டம் இங்கே செல்லுபடியாக இணைத்தன்மைச் சான்று வேண்டும். முன்பு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இதைக் கொடுத்து வந்தது. 2025 ஏப்ரலில் யுஜிசி இதற்கெனப் புதிய விதிமுறையை அறிவித்தது. சான்று கைக்கு வர நாள் ஆகும் என்பதால், வேலை அறிவிப்பு வரட்டும்னு காத்திருக்காமல் இப்பவே விண்ணப்பிச்சு வைங்க.

நாலு மணி நேரம்னா உண்மையில் எவ்வளவு?

கையில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வாரம் 4 வகுப்பு, மாதம் 16 வகுப்பு. யுஜிசி சொன்ன ரூ.1,500 கிடைத்தால் மாதம் ரூ.24,000. வகுப்புக்கு ரூ.500 தரும் இடத்தில் ரூ.8,000. பாடத்தைத் தயாரிக்கிற நேரம், பஸ் செலவு இதிலேயே அடங்கணும்.

அதனால பணம் பேசும்போது இதையெல்லாம் சேர்த்துக் கேளுங்க:

வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, அக மதிப்பீட்டு மதிப்பெண் போடுவது என் வேலையா? அதற்குத் தனித் தொகை உண்டா?

கல்லூரி விடுமுறையால் வகுப்பு நடக்கலைன்னா பணம் உண்டா?

மாணவர்களைக் களப்பயணம் அழைச்சிட்டுப் போகணும்னா செலவு யாருடையது? அந்த நாள் எத்தனை வகுப்பாகக் கணக்காகும்?

பணம் மாதாமாதம் வருமா, பருவம் முடிந்துதானா? வங்கிக் கணக்கில் வருமா?

பணம் பேசுறது மரியாதைக் குறைவுன்னு நினைக்கிறவங்க நம்மில் நிறைய. ஆசிரியர் வேலைன்னா இன்னும் கூச்சம். ஆனா முதல் நாளே தெளிவாப் பேசிட்டா இரண்டு பக்கத்துக்கும் மனக்கசப்பு இல்லை.

எடுத்த வகுப்பு அனுபவமா கணக்காகுமா?

எதிர்காலத்தில் நிரந்தரப் பணிக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம்.

யுஜிசி 2018 விதிமுறையில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கு. அதில் கற்பித்தல் அனுபவத்துக்கு வருடத்துக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஒரு வருடத்துக்குக் குறைவா இருந்தால் அதற்கேற்பக் குறையும். ஒரு மதிப்பெண்ணில் வாய்ப்பு போகிற போட்டியில் இது சின்ன விஷயம் இல்லை.

பிற்காலத்தில் பதவி உயர்வுக்குப் பழைய தற்காலிகப் பணியையும் சேர்க்கணும்னா நிபந்தனை இன்னும் கடுமை. நியமிக்கும்போதே உரிய கல்வித் தகுதி இருந்திருக்கணும். முறையான தெரிவுக் குழு பரிந்துரைத்து நியமித்திருக்கணும். அப்போது வாங்கிய மொத்த ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாமல் இருந்திருக்கணும். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. வாரம் நாலு மணி நேரக் கௌரவப் பணி இதில் பெரும்பாலும் வராது. இது தெரிஞ்சே போகணும், பத்து வருடம் கழித்துத் தெரியக்கூடாது.

அரசுப் பணி விண்ணப்பங்களில் அனுபவச் சான்றிதழில் முதல்வர் கையெழுத்து மட்டும் போதாமல், கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பமும் கேட்பதுண்டு. பல்கலைக்கழகமாக இருந்தால் பதிவாளர் கையெழுத்து. அதனால துறைத் தலைவர் அன்பாக எழுதித் தரும் கடிதத்தை மட்டும் நம்பி இருக்காதீங்க.

கையில் இருக்க வேண்டிய ஐந்து தாள்

ஒன்று, நியமன ஆணை. பதவியின் பெயர், பாடம், வாரத்துக்கு எத்தனை மணி, ஊதியம், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் இருக்கணும்.

இரண்டு, பணியில் சேர்ந்த அறிக்கையின் நகல், அலுவலக முத்திரையுடன்.

மூன்று, கால அட்டவணை. ஒவ்வொரு பருவத்துக்கும் துறைத் தலைவர் கையெழுத்திட்டது.

நான்கு, பணம் வந்ததற்கான வங்கிப் பதிவு. வரி பிடித்தால், அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கான்னு வருமான வரி இணையதளத்தில் பாருங்க.

ஐந்து, பருவம் முடிந்ததும் அனுபவச் சான்றிதழ். மூன்று வருடம் சேர்த்து ஒரே சான்றாக வாங்கிக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. முதல்வர் மாறுவார், எழுத்தர் மாறுவார்.

வாங்கிய அன்றே ஃபோனில் ஸ்கேன் செய்து, தனக்குத்தானே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைங்க. டிஜிலாக்கரில் உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றியிருந்தால் பட்டச் சான்றிதழும் அங்கேயே கிடைக்கும். அதற்குச் சட்டப்படி அசல் மதிப்பு உண்டு.

நீங்க வேறு எங்கேயாவது முழுநேர வேலையில் இருந்தால், அந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அரசு ஊழியராக இருந்தால் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி வாங்கியே தீரணும்.

யாராவது பணம் கேட்டா?

"கௌரவ விரிவுரையாளர் இடம் காலி இருக்கு, இவ்வளவு கட்டினா ஆர்டர் வாங்கித் தர்றோம்"னு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் நம்பாதீங்க. விண்ணப்பக் கட்டணம் அதிகாரப்பூர்வ இணையதளத்தில்தான் கட்டணும். யாருடைய தனிப்பட்ட எண்ணுக்கும் அனுப்பக்கூடாது. ஏமாந்துட்டோம்னு தெரிந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

அரசு நிறுவனத்தில் தேர்வு எப்படி நடந்தது, உங்களுக்கு எத்தனை மதிப்பெண் என்று தெரியணுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தரணும். தமிழ்நாடு அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் ஃபோனிலிருந்தே மனு போடலாம்.

ஆசிரியரைத் தேடும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை

களத்திலிருந்து வருபவருக்கு விஷயம் தெரியும், ஆனா அக மதிப்பீடு எப்படிப் போடுறது, பாடத்திட்டத்தில் எந்த அலகை எத்தனை மணியில் முடிக்கணும் என்பது தெரியாமல் இருக்கலாம். முதல் வாரமே பாடத்திட்டம், பழைய வினாத்தாள், நூலக அட்டை மூன்றும் கொடுத்துடுங்க. மாணவர்கள் சந்தேகம் கேட்க உட்காரக் கொஞ்சம் இடமும் கொடுங்க. பருவம் முடிந்ததும், அவர் கேட்காமலே சான்றிதழ் தயாராக இருக்கட்டும்.

எங்கள் சாரைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னோமே? அவர் இப்போ வேறொரு கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் எடுக்கிறார். போன வாரம் பேசினப்ப இந்தக் கட்டுரை எழுதப் போறதைச் சொன்னோம். சிரிச்சுட்டு, "இந்த தடவை ஆர்டரை வாங்கிட்டுத்தாம்ப்பா சாக்பீஸையே கையில எடுத்தேன்" என்றார்.

நீங்களும் அப்படியே செய்யுங்க. வாழ்த்துகள்!